வீட்டில் ஆள் இருக்கிறது

டெஸ்ஸி, எத்தியோப்பியா
3 மார்ச் 1974

பிரியமுள்ள தங்கை ஜெபகனிக்கு,

அண்ணன் செல்வதுரை எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை ஜேசுபாதமும் குழந்தைகளும் சுகமா? அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது? வழக்கம்போல் இதையும் அம்மாவுக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டு. கம்பளி போட்டுக்கொள்கிறேனா என்று கேட்பாள். போட்டுக்கொள்கிறேன் என்று சொல்.

பெட்ரோல் விலை ஏறியதும் போன மாதம் தலைநகரத்தில் டாக்சிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். கூடவே வாத்தியார்களும் வேலையை நிறுத்தினார்கள். எங்கோ அரபு தேசத்தில் எண்ணெயைப் பிடித்துவைத்தால் இந்த மலைமேல் பள்ளிக்கூடம் மூடுகிறது. உலகம் இப்படி ஒன்றோடொன்று முடிந்து கிடக்கிறது என்று நான் புத்தகத்தில் படித்ததில்லை.

போன வருஷப் பஞ்சத்தில் பிழைத்தவர்கள் இன்னும் சாலையோரங்களில் இருக்கிறார்கள். நான் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அவர்கள்தான். பக்கத்து வீட்டு தெஸ்ஃபாயே, பூகோள ஆசிரியர், நல்ல மனுஷன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன். வகுப்புக்குப் போகாதே என்று அவன் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டான். நான் ஒப்பந்தத்தில் வந்த அந்நியன், இந்த நாட்டின் சம்பளத்தில் சாப்பிடுகிறவன். போனேன். நாற்பது பேர் இருக்கவேண்டிய வகுப்பில் நாலு பேர். அவர்களுக்குக் கணக்கு நடத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு தெஸ்ஃபாயே என்னோடு பேசுவதில்லை.

உன் அண்ணி கர்த்தருக்குள் போன பிறகு எனக்கு வேலைதான் துணை. அதை எப்படி விடுவேன், சொல்.

என்றும் உன் அன்பு அண்ணன்,
செல்வதுரை


ரயில்வே குடியிருப்பு, தூத்துக்குடி
31 மார்ச் 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெபகனி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். கஞ்சி வைத்துக் கொடுத்தவர் பெயரைச் சொல்லவரவில்லை என்றாலும் அவருக்காக ஜெபம் பண்ணினாள். கண் மங்கிக்கொண்டுதான் வருகிறது. முகம் தெரியவில்லை, நடையை வைத்து ஆளைச் சொல்லுகிறாள்.

இங்கேயும் எல்லாம் விலை. மண்ணெண்ணெய்க்கு நான் விடியலில் போய் நின்றால் வெயில் ஏறித்தான் வருகிறேன். சில நாள் வெறும் டின்னோடு வருகிறேன். ரேஷன் அரிசி வாசனை அடிக்கிறது. அம்மா அதையும் சாப்பிடுகிறாள்.

உங்கள் மைத்துனர் கூட்ஸ் ஷெட்டில் வேலை முடித்து நேரே சங்கக் கூட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் சிநேகிதர், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் சங்கரபாண்டியன், வீட்டுக்கு வந்து கூப்பிட்டுப் போகிறார். இந்தியா முழுக்க ரயிலை நிறுத்தப்போகிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை உங்கள் மைத்துனரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, “ஒங்க அண்ணன் படிச்சவிய. ஆனா அந்த நாலு பிள்ளையளுக்கும் பாடம் எடுத்துட்டு, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தை எப்படிப் பாத்தாவ?” என்று கேட்டார்கள். கோபமாய்க் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

ஊரில், நாசரேத்தில், நம் வீட்டை பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்கா வாரம் ஒருமுறை திறந்து பெருக்குகிறார்களாம்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெபகனி


டெஸ்ஸி
14 ஏப்ரல் 1974, உயிர்த்தெழுந்த ஞாயிறு

பிரியமுள்ள ஜெபாவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். இவர்கள் காலண்டர் வேறு, ஆனாலும் இந்த வருஷம் இவர்களுக்கும் இன்றுதான் பண்டிகை. நான் தனியாக உட்கார்ந்து வேதம் வாசித்தேன்.

மாப்பிள்ளைக்கு நான் சொன்னதாகச் சொல்: ரயில்வே உத்தியோகம் சும்மா கிடைத்ததல்ல. அப்பா எத்தனை பேர் வாசலில் நின்று உனக்கு அந்த வரனைப் பேசி முடித்தார் என்று உனக்குத் தெரியும். இரண்டு பெண் குழந்தைகள், பார்வை மங்கிய அம்மா, இதையெல்லாம் வைத்துக்கொண்டு அரசாங்கத்தோடு மோதுகிறவன் புத்திசாலி இல்லை. அவர் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் உள்ளே போனேன். அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நீ அழுதாவது அவரைத் தடுத்துவிடு.

அண்ணன்,
செல்வதுரை


தூத்துக்குடி
20 மே 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

ரயில் ஓடவில்லை. பஸ்ஸில் மதுரைக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். எப்போது கிடைக்குமோ.

வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே, உங்கள் மைத்துனர் சாப்பிட உட்கார்ந்தபோது போலீஸ் வந்தது. கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றார்கள். போலீஸ்காரர்கள் கழுவ விட்டார்கள். இப்போது பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கிறார்கள். சங்கரபாண்டியன் எங்கே என்று அவர் மனைவி பிச்சம்மாளுக்கே தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி நான் அழுதேன் அண்ணா. உங்கள் மைத்துனர் கேட்கவில்லை, நான் அழுததைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். அதற்குமேல் நான் என்ன செய்ய.

குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எதிர் வீட்டில் சாமானை வெளியே எடுத்து வைத்தாயிற்று. நம் வீட்டுக்கு இன்னும் சில நாள். எனக்கு ஒரு யோசனைதான் தோன்றுகிறது. நாசரேத் வீடு பூட்டிக்கிடக்கிறது. உங்கள் மைத்துனர் வெளியே வந்து ஒரு வழி பிறக்கும்வரை நாங்கள் அங்கே இருந்துகொள்ளலாமா? அம்மாவுக்கும் ஆசை. அந்த வீட்டில் கண் தெரியாமலே நடப்பாள். அப்பா அதை உங்கள் பெயரில் எழுதினார், அதில் எனக்கு மனவருத்தம் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால்தான் உங்கள் வார்த்தை இல்லாமல் பிளாரன்ஸ் அக்காவிடம் போய்ச் சாவி கேட்க எனக்கு மனம் வரவில்லை. சரி என்று ஒரு தந்தி கொடுத்தால் போதும்.

தங்கை,
ஜெபகனி


டெஸ்ஸி
16 ஜூன் 1974

பிரியமுள்ள ஜெபகனிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. வேலைநிறுத்தம் முடிந்துவிட்டதாக ரேடியோவில் முன்பே கேட்டேன். மாப்பிள்ளை வெளியே வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தந்தியில் சொல்ல முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன். அது அப்பாவின் வீடு. முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர் குடியிருந்த வீடு. அங்கே போலீஸ் வந்து நின்றதாக ஒரு பேச்சு வரக்கூடாது. நானும் மிஷன் சிபாரிசில் இங்கே வந்தவன். என் ஒப்பந்தம் இந்த வருஷம் புதுப்பிக்கப்படவேண்டும். இங்கே தினம் ஒரு மந்திரியைக் கைது செய்கிறார்கள், யார் எந்தப் பக்கம் என்று எல்லாரையும் விசாரிக்கிறார்கள்.

ஆகையால் மாப்பிள்ளை முதலில் மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டு வேலையில் சேரட்டும். சேர்ந்த பிறகு நீங்கள் எல்லாரும் எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கே இருங்கள். அதுவரை அம்மாவை மட்டும் அனுப்பிவை. அம்மாவுக்கு மட்டும் திறந்துவிடும்படி பிளாரன்ஸ் அக்காவுக்கு எழுதிவிட்டேன். இது கோபத்தில் எழுதுவதல்ல. உன் நன்மைக்காகத்தான்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அம்மாவுக்கு நியாயம் தெரியும்.

அண்ணன்,
செல்வதுரை


தூத்துக்குடி
14 ஜூலை 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்தேன்.

உங்கள் மைத்துனர் வெளியே வந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வராதே என்று சொன்னவர்கள் பெயரையும் சொன்னால் எடுத்துக்கொள்வோம் என்று ஓர் அதிகாரி சொன்னாராம். சங்கரபாண்டியனுக்கு மூன்று பிள்ளைகள். உங்கள் மைத்துனர் யார் பெயரையும் சொல்லவில்லை. வேலை போய்விட்டது.

புதுத் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், பிச்சம்மாள் போட்டிருக்கிற ஓலைக் குடிசையில் பாதியைத் தடுத்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் ஓட்டப்பிடாரத்துக்காரி, வாய் அதிகம், மனசு பெரிது. துறைமுகம் திறந்து மூன்று நாளாயிற்று. தோரணம் எல்லாம் இன்னும் கழற்றவில்லை. உங்கள் மைத்துனர் அங்கே உப்பு மூட்டை சுமக்கப் போகிறார்கள். தோள் புண்ணாகிவிட்டது, தேங்காயெண்ணெய் போடுகிறேன். தண்ணீர்தான் கஷ்டம். இங்கே தோண்டினால் உவர்.

அம்மா சுகம். உங்களைக் கேட்கிறாள்.

ஜெபகனி


தூத்துக்குடி
29 ஆகஸ்ட் 1974

அண்ணனுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். கிடைக்காமலும் இருக்கலாம், உங்கள் தேசத்துச் செய்தி அப்படி இருக்கிறது.

அம்மா போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கர்த்தருக்குள் போய்விட்டாள். வயிற்றுப்போக்கு. இந்தத் தெருவில் நிறையப் பேருக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். இரண்டு நாள் இருந்தோம், வீட்டுக்குக் கொண்டுபோ என்றாள் அம்மா. வந்தோம். பிச்சம்மாள்தான் அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கேயே அடக்கம் செய்தோம். சங்கத்து ஆட்கள்தான் பெட்டி தூக்கினார்கள். நாசரேத்தில் அப்பா பக்கத்தில் என்று நீங்கள் நினைப்பீர்கள். முடியவில்லை.

ஜெபகனி


டெஸ்ஸி
22 செப்டம்பர் 1974

என் அருமைத் தங்கை ஜெபாவுக்கு,

தந்தி வரவே இல்லை. உன் கடிதத்தை தபாலாபீஸ் வாசலிலேயே பிரித்துப் படித்தேன். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். தெஸ்ஃபாயே அந்த வழியாக வந்தான். ஏழு மாதமாய்ப் பேசாதவன், என் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போய், அவன் மனைவியிடம் “இவனுடைய அம்மா” என்று மட்டும் சொன்னான். அன்று முழுக்க அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவர்கள் வழக்கப்படி தெருவே வந்து என்னோடு உட்கார்ந்தது.

பத்து நாளுக்கு முன் சக்கரவர்த்தியை ஒரு சின்னக் காரில் உட்காரவைத்து அரண்மனையிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். எதுவும் நிலைக்காது என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். கண்ணால் காண்பது வேறு.

ஜெபா, அந்த ஜூன் மாதக் கடிதத்தை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். அம்மா கேட்டுவிட்டு என்ன சொன்னாள்? என்மேல் கோபமாக இருந்தாளா? கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? எதுவானாலும் எழுது. பிளாரன்ஸ் அக்காவுக்கு எழுதிவிட்டேன். நீங்கள் எல்லாரும் உடனே வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அண்ணன்


டெஸ்ஸி
1 டிசம்பர் 1974

அன்பான ஜெபாவுக்கு,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நீங்கள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று பிளாரன்ஸ் அக்கா எழுதியிருக்கிறார்கள்.

போன வாரம் தலைநகரத்தில் ஒரே இரவில் அறுபது பெரிய மனிதர்களைச் சுட்டுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் வாத்தியார்களையும் கிராமங்களுக்கு அனுப்பப்போகிறார்கள். தெஸ்ஃபாயே புறப்படத் தயாராகிவிட்டான். எனக்கு இனி வேலை இல்லை, ஒப்பந்தம் முடிந்தது. எந்த ஒப்பந்தத்துக்காக அவ்வளவு பயந்தேனோ அது இப்போது ஒரு துண்டுக் காகிதம்.

ஜனவரி முதல் வாரம் நாசரேத் வந்துவிடுவேன். நீ, மாப்பிள்ளை, குழந்தைகள், எல்லாரும் வந்துவிடுங்கள். நான் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன். மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன்.

அம்மா என்ன சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிடு ஜெபா. அது தெரியாமல் அந்த வாசலில் கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன்


புதுத் துறைமுகச் சாலை, தூத்துக்குடி
29 டிசம்பர் 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

டெஸ்ஸிக்கு எழுதினால் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும் என்று இதை பிளாரன்ஸ் அக்கா முகவரிக்கு எழுதுகிறேன். ஊர் வந்ததும் கொடுப்பார்கள்.

நாளை மறுநாள் வருஷம் முடிகிறது. கோவிலில் எல்லாரும் இந்த வருஷத்து நன்மைகளுக்காகச் சாட்சி சொல்வார்கள். நான் என்ன சொல்வேன் என்று உப்பு அள்ளிக்கொண்டே யோசித்தேன். ஆமாம், நானும் இப்போது பிச்சம்மாளோடு உப்பளத்துக்குப் போகிறேன். ராஜாக்களும் பிரசிடெண்டுகளும்கூட வீட்டைக் காலி செய்த வருஷம் இது. ஆகஸ்டில் அமெரிக்காக்காரர் மாளிகையை விட்டுப் போனதை டீக்கடை ரேடியோவில் கேட்டுவந்து பிச்சம்மாள் சொன்னபோது அம்மா, “பாவம், இனி எங்க போய் இருப்பாரு?” என்று கேட்டாள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் வருகிறது.

நீங்கள் கேட்டதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் மூன்று மாதமாய்ப் பேனாவை எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். முதலில் கோபம்தான். பிறகு அது இல்லை.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன் என்று எழுதினேன் அல்லவா? வாசித்தேன். அதில் இருந்ததை வாசிக்கவில்லை. காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஆள் இருக்கிறது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். விளாத்திகுளம் பக்கம் மழை இல்லாமல் கிளம்பிவந்த குடும்பம் ஒன்று தெருவில் நின்றதாம், பிளாரன்ஸ் அக்கா எழுதிக் கேட்டதற்கு அண்ணன் நம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாராம் என்றேன். நீங்கள் எங்களை வேண்டாம் என்றதை அவள் காதில் போட எனக்கு நாக்கு எழவில்லை. அவளை மட்டும் தனியாக அனுப்பவும் முடியாது.

அம்மா சொன்னாள்: “நல்லது செஞ்சான். அவியளக் கெளம்பச் சொல்லி நீ எழுதிராத, ஏளா. பஞ்சத்துல வந்தவிய எங்க போவாவ? நமக்கு இங்கன பிச்சம்மா எடம் தந்திருக்கால்லா.”

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஜெபத்தில் அந்தக் குடும்பம் வந்துவிட்டது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். மூன்று என்றேன். கைப்பிள்ளை உண்டா என்றாள். உண்டு என்றேன். தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றைத் துவைத்து மடித்து, தொட்டில் கட்ட ஆகும், யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றாள். நான் அதை பிச்சம்மாளின் மகளுக்குத் தாவணியாக வெட்டிக் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டாள். சேர்ந்தது என்றேன். ஓலை ஒழுகி அவள் பாய் நனைந்த அன்றுகூட, “அங்கன ஓட்டு வீடுல்லா, பிள்ளைய நனையாது” என்று சொல்லிக்கொண்டு தள்ளிப் படுத்தாள். தண்ணீருக்குக் குடத்தோடு நின்றிருந்த பெண்களிடமெல்லாம், என் மகன் வெளிதேசத்தில் இருந்துகொண்டு ஏழைகளுக்கு வீடு கொடுத்திருக்கிறான் என்று பிச்சம்மாளைச் சொல்லச் சொல்வாள். பிச்சம்மாளுக்கு உண்மை தெரியும். அப்படியிருந்தும் அவள் சொன்னாள்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா உங்களைத் திட்டியிருப்பாள். திட்டிவிட்டு, உடனே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருப்பாள். நீங்களும் இறங்கி வந்திருப்பீர்கள். அவள் அந்த வீட்டில் நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டு இன்னும் இருந்திருப்பாளோ என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை. உங்கள் பேருக்குக் குறை வராமல் பார்த்துக்கொண்டேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தாள். உங்கள் மைத்துனரைக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டுப்பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“துரை வீட்டுல ஆளு இருக்குல்லா?”

“இருக்கும்மா.”

“அப்ப சரி” என்றாள்.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. உங்களைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான் அண்ணா. கோபம் எதுவும் இல்லை. சந்தோஷமாகத்தான் போனாள்.

அடக்கத்துக்கு நாசரேத் கொண்டுபோகலாம் என்று சங்கத்தில் வண்டிகூடப் பேசினார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அவள் உடம்போடு அந்த வாசலைக் கடந்து போக என்னால் ஆகாது.

இப்போது நீங்கள் வரச் சொல்கிறீர்கள். போகலாம் என்றுதான் உங்கள் மைத்துனரும் சொல்லுகிறார்கள், அவர்களுக்கு உங்கள்மேல் வருத்தம் எதுவும் இல்லை. எனக்குத்தான் முடியாது. அம்மா ஜெபித்த அந்த மனிதர்களை நான் எப்படி எழுப்பிவிட்டு அங்கே பாய் விரிப்பேன்?

ஊருக்கு வந்து இளைப்பாறிவிட்டு இங்கே வாருங்கள். துறைமுகச் சாலையில் பிச்சம்மாள் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். கல்லறைக்குக் கூட்டிப்போகிறேன், இன்னும் பெயர் எழுதவில்லை. பெரியவளுக்குக் கணக்கு வரமாட்டேன் என்கிறது, நீங்கள் ஒருநாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வாள். மதியம் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இருட்டுவதற்குள் கடைசி பஸ் இருக்கிறது.

தங்கை,
ஜெபகனி